தாத்தா பிளேன் ஓட்டினாரா? விமானிகளின் வாழ்க்கையை எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். காய்கறிப் பையோடு அந்த வழியாகப் பல வருஷம் போய் வந்திருக்கிறேன், ஒரு நாள் நின்று படித்தேன். எண்ணிக்கை இருக்கிறது, அந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குள் தொடங்கியது.

நான் எழுதுவது விமானத்தோடு சம்பந்தப்பட்டவர்களைப் பற்றி. ஓட்டியவர்கள், உள்ளே உட்கார்ந்து வயர்லெஸ் பார்த்தவர்கள், எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர்கள். "எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார், எழுதணும், எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் நாளைப் பிடியுங்கள், கதை அப்புறம் வரட்டும். அவர் எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தார் என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் அதன்மேல் நிற்கும். அது தெரியாமல் எழுதினால் எவ்வளவு அழகாக எழுதினாலும் சரிந்துவிடும்.

பழக ஒரு நாள் போதும்

வீட்டுத் தாத்தாவைத் தொடுவதற்கு முன்னால், எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் ஒரே ஒரு நாளை எடுத்து எழுதிப் பழகுங்கள். முழு வாழ்க்கை வேண்டாம். நான் பழகியது 1932 அக்டோபர் 15. அன்றைக்கு ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பி, பம்பாய் ஜூஹூவுக்குப் போனார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி அதே தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. நீங்கள் இதை இரண்டு பக்கமாக எழுதிப் பாருங்கள், ஆனால் ஒரு வரிகூடக் கற்பனையாக இருக்கக் கூடாது. உடனே கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். பஸ் மாத்தில் எத்தனை பேர் உட்காரலாம், மூடிய அறையா திறந்ததா, மணிக்கு எத்தனை மைல் போகும், ஒரு தடவை நிரப்பினால் எவ்வளவு தூரம், நடுவில் ஏன் பெல்லாரி, அக்டோபர் நடுவில் சென்னையில் வானம் எப்படி இருக்கும்? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எங்கோ ஒரு இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடங்களைத் தேடிப் போகிற பழக்கம் வருவதற்குத்தான் இந்தப் பயிற்சி.

இன்னொன்றும் இதில் பழக்கமாகும். அகமதாபாத்தில் பெட்ரோல் நாலு காலன் டின்களில் மாட்டு வண்டியில் வந்தது என்று ஒரு செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. படித்தவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டிக்கொள்கிற செய்தி வரும்போதெல்லாம் முதலில் சொன்னவர் யார், அவர் அன்றைக்கு அங்கே இருந்தாரா என்று கேளுங்கள். செய்தி பொய்யாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அழகான செய்தியை நாம் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

"முதல்" என்ற சொல்லைத் தொடும் முன்

விமானிகளைப் பற்றி எழுதுபவர்களை அதிகமாகக் கவிழ்த்த சொல் இது. "இந்தியாவின் முதல் விமானி டாட்டா" என்று எழுதியதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் எண் 1 அவருடையது, அது சரி. ஆனால் அதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்னாலேயே இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், சென் ஆகியோர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து ஐரோப்பிய வானத்தில் சண்டை போட்டார்கள். அதில் இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே மாதம் 22ஆம் தேதி இறந்தார், வயது 19. அவரை எங்கே வைப்பீர்கள்?

பெண் விமானிகளிலும் இதே சிக்கல்தான். 1936இல் லாகூரில் உரிமம் வாங்கிய சர்லா தக்ராலை முதல் இந்தியப் பெண் விமானி என்பவர்கள் உண்டு, 1932 என்ற ஆண்டோடு ஊர்மிளா பாரிக் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. நம் பக்கத்துக் கதை ஒன்று: 1910 மார்ச்சில் சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதை இந்தியாவின் முதல் பறப்பு என்று சொல்வார்கள். "முதல்" என்று எழுதவே கூடாது என்பது என் கட்சி அல்ல. எதில் முதல் என்று அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் உரிமம் என்று எழுதினால் யாரும் கை வைக்க முடியாது.

இந்திய விமானங்களின் இறக்கையில் எழுதும் விடி (VT) என்ற இரண்டு எழுத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அது 'வைஸ்ராய் டெரிடரி' என்பதன் சுருக்கம், அடிமைச் சின்னம் என்று நம்மவர்கள் மேடையிலேயே பேசுவார்கள். உண்மையில் அது வானொலி அழைப்புக் குறிகளை நாடுகளுக்குப் பங்கிட்டபோது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்த எழுத்து வரிசையின் தொடக்கம், அதற்கு விரிவு எதுவும் கிடையாது. உங்கள் நூலில் விடி வந்தால் அந்த விளக்கத்தை எழுதிவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது

சரி, இப்போது வீட்டுத் தாத்தாவுக்கு வருவோம். முதல் தடவை போகும்போது எதையும் பதிவு செய்யாதீர்கள். போனை வெளியே எடுக்கவே வேண்டாம். காபி குடித்துவிட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொண்டு, "அடுத்த வாரம் வரட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது தடவை அவர்களே டிரங்குப் பெட்டியை இறக்கி வைப்பார்கள். இது தந்திரம் இல்லை. செத்துப்போன அப்பாவைப் பற்றி முன்பின் தெரியாத ஆளிடம் பேச அவர்களுக்கு ஒரு வாரம் வேண்டும், அந்த வாரத்தை நாம் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் பொதுவாக டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம்) இருக்கும், பென்ஷன் காகிதம் இருக்கும், இரண்டு மூன்று போட்டோ, பதக்கம், மணியார்டர் ரசீது. பறந்தவராக இருந்தால், ஒவ்வொரு பறப்பையும் எழுதி வைக்கும் லாக் புக் இருக்கலாம். எதையும் வீட்டைவிட்டு எடுத்துவராதீர்கள், அவர்களே கொடுத்தாலும் வேண்டாம். வாசல் திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் போனிலேயே பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பக்கத்தையும் எடுங்கள், போட்டோவின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் கிறுக்கிய தேதியும் பின்புறத்தில்தான் இருக்கும். கிளம்பும் முன் ஒன்றை மட்டும் கெஞ்சிச் சொல்லிவிட்டு வாருங்கள்: லேமினேஷன் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து நல்ல மனசோடு செய்கிறார்கள், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. பருத்தித் துணியில் சுற்றி, ராமபாணப் பூச்சியும் கரையானும் வராத இடமாக வைத்தாலே போதும்.

காகிதத்தின் தலைப்பே காலத்தைச் சொல்லும். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் உருவானது. 1945 மார்ச்சில் அதன் பெயருக்கு முன்னால் 'ராயல்' சேர்ந்தது, 1950இல் குடியரசு வந்ததும் அந்தச் சொல் போனது. தேதி கிழிந்துபோன காகிதத்தில் 'ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் படிவம் 1945க்கு முந்தியது அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். போட்டோவில் விமானம் தெரிந்தால் இறக்கையில் உள்ள வட்டச் சின்னத்தைப் பாருங்கள். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று இரண்டாம் உலகப் போரின் நடுவில் நம் பக்கத்துப் போர்முனையில் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். நடுவில் சின்னதாக வெளிர் வட்டம் மட்டும் இருந்தால் அது அந்த வருஷங்களின் படம்.

பேச்சில் வரும் காலக்கணக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். நான் அடிபட்ட இடம் இது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீடு. எண்பதை நெருங்கிய அம்மா, "நான் பொறந்தது தாரண வருஷம் தை மாசம், அப்ப அப்பா ஊர்லயே இல்ல, பர்மா பார்டர்ல இருந்தார்" என்றார். தாரண வருஷம் என்றால் 1944 என்று பஞ்சாங்கத்தில் பார்த்தேன், தை என்றால் ஜனவரி, ஆக 1944 ஜனவரி என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குகிறது, தை வரும்போது ஆங்கில வருஷம் மாறியிருக்கும். தாரண வருஷத்துத் தை என்பது 1945 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. ஒரு வருஷம் தப்பு. போர்க்காலத்தில் ஒரு வருஷம் என்றால் வேறு ஊர், வேறு சண்டை, சில சமயம் வேறு ஸ்குவாட்ரன், அதாவது வேறு விமானப் பிரிவு. தை, மாசி, பங்குனி என்று யாராவது சொன்னால் எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நாள் அட்டவணை

இதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் போட்டாலும் சரி. ஒரு வரிக்கு ஒரு நாள். தேதி, ஊர், விமான வகை, விமான எண், என்ன செய்தார், இது எங்கிருந்து தெரிந்தது, இவ்வளவுதான் கட்டங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை அழித்துவிடுங்கள். தெரியாத நாளைத் தெரியாத நாளாகவே விடுங்கள், முன்னும் பின்னும் பார்த்து நிரப்பாதீர்கள்.

லாக் புக் கிடைத்தவர்களுக்கு இது சுலபம், அதுவே ஒரு அட்டவணைதான். பறந்த நேரம் பகல், இரவு என்று பிரித்து எழுதியிருப்பார்கள், இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலதிகாரி கையெழுத்து வைத்திருப்பார். அந்தக் கூட்டலை நீங்களும் ஒரு தடவை போடுங்கள். வரிகளுக்கும் கூட்டுத்தொகைக்கும் வித்தியாசம் வந்தால் எங்கேயோ ஒரு பறப்பு எழுதாமல் விட்டிருக்கலாம், அதைத் தேடப் போனால் சில சமயம் பெரிய விஷயம் அகப்படும். டி.சி.ஓ. என்று எழுதியிருந்தால் கொடுத்த வேலை முடிந்தது. டி.என்.சி.ஓ. என்றால் முடியவில்லை, மேகமோ எஞ்சின் கோளாறோ திருப்பி அனுப்பியிருக்கும். முடியாமல் திரும்பிய நாட்களை விட்டுவிடாதீர்கள். ஒரு விமானியின் குணம் அந்த நாட்களில்தான் அதிகமாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை போருக்காக இந்திய நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள், கிரீன்விச்சை விட ஐந்தரை அல்ல, ஆறரை மணி அதிகம். கடிதத்தில் "காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம்" என்று எழுதியிருந்து, படைப்பிரிவுக் குறிப்பில் அதே பறப்பு 2330 மணி, அதுவும் முந்தின நாள் தேதியில் இருந்தால், யாரும் பொய் சொல்லவில்லை, ஒன்று நம்மூர்க் கடிகாரம், மற்றது கிரீன்விச். இது தெரியாமல் "ஆவணங்கள் முரண்படுகின்றன" என்று அடிக்குறிப்பு எழுதினவர்கள் உண்டு. அன்றைய சூரிய உதயத்தையும் இதை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

இயந்திரம் பொய் சொல்லாது

குடியாத்தத்து வீட்டுக்கே திரும்பி வருகிறேன். அந்த வீட்டுப் பேரன் என்னிடம் உறுதியாகச் சொன்னான், "தாத்தா ஹரிக்கேன்ல பின்சீட்ல உட்கார்ந்து மெஷின் கன் சுட்டார் சார்." ஹரிக்கேன் என்பது அன்றைய சண்டை விமானம். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன், உணர்ச்சியோடு நாலு பக்கம் எழுதினேன். அச்சுக்குப் போகும் முன்னால், மிலிட்டரி கேன்டீனில் பழக்கமான ஒரு பெரியவர், விமானப்படையில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஹரிக்கேன்ல ஒரு சீட்டுதான்."

ஆமாம், ஒரு சீட்டுதான். பின்னால் உட்கார்ந்து சுடுவது அதே போர்முனையில் நம்மவர்கள் ஓட்டிய வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தில் உண்டு, அது இரண்டு பேர் போவது. ஹரிக்கேனில் கிடையாது. டிஸ்சார்ஜ் புக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் ஃபிட்டர் என்று இருந்தது, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற தரைப்பணியாளர். அது முதல் நாளே என் கண்ணில் பட்டதுதான், கதை என்னை அதைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அப்படியானால் குடும்பம் பொய் சொன்னதா? அந்த அம்மாவிடம் மறுபடி போனேன். அப்பா என்ன சொல்வார், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள் என்றேன். "ஹரிக்கேன் பின்னாடி உட்கார்ந்து போவோம், காத்து தள்ளிடும், கெட்டியா புடிச்சிக்கணும்னு சொல்வார்" என்றார். துப்பாக்கி என்ற சொல்லே அதில் இல்லை. கேன்டீன் பெரியவரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் மாதிரி வால் சக்கர விமானங்கள் மேடு பள்ளமான தரையில் உருளும்போதும், நிறுத்தி வைத்து எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போதும், வால் தூக்கிக்கொண்டு மூக்கு தரையில் குத்திவிடும். அதைத் தடுக்கத் தரைப்பணியாளர்கள் வாலின் மேல் உட்கார்ந்து அழுத்திப் பிடிப்பார்கள். ப்ரொபெல்லர் காற்று முகத்தில் அறைய, புழுதிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு நடக்கக்கூடியது. பின்சீட்டும் மெஷின் கன்னும் பிறகு பேரப்பிள்ளைகள் வளர்ந்தபோது சேர்ந்துகொண்டவை.

அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டு, வாலின் மேல் உட்கார்ந்த மனிதரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஆகவே எந்தக் கதை கேட்டாலும் அந்த விமானத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை இருக்கை, எத்தனை எஞ்சின், எவ்வளவு தூரம் போகும், அந்த வருஷத்தில் அந்த ஸ்குவாட்ரனிடம் அது இருந்ததா? கதை பொருந்தவில்லை என்றால் தூக்கி எறியாதீர்கள், சொன்னவரிடம் திரும்பிப் போய் அவருடைய சொற்களை அப்படியே கேட்டு வாங்குங்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்

பெயர்தான் முதல் தடை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி என்பவர் முனிசுவாமி, மூனூசாமி என்றெல்லாம் பதிவாகியிருப்பார். இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கி, அதில் அகர வரிசைப்படுத்தியிருப்பார்கள். அப்பா பெயரிலும் தேடுங்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான், அரக்கோணம் பழைய ஆவணங்களில் 'அர்க்கோணம்' என்ற ஒலிப்பில் இருக்கும். மாவட்ட எல்லையையும் மறக்க வேண்டாம். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாமே போர்க்காலத்தில் ஒரே வட ஆற்காடு. 1911க்கு முன்னால் சித்தூர்தான் அந்த மாவட்டத்தின் தலைநகர், திருப்பத்தூர் அப்போது சேலத்தோடு இருந்தது. 'வட ஆற்காடு மாவட்டம்' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு வேலூர்க்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வந்தவாசியாகவும் இருக்கலாம், தாலுகா பெயரைப் பாருங்கள்.

சென்னையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அரசாணைகள், மாவட்ட ஆவணங்கள், ஓடுதளத்துக்கு நிலம் எடுத்த விவரம் மாதிரியானவற்றை அங்கே தேடலாம். முதல் நாள் எதுவும் கிடைக்காது என்று மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள், முதல் நாள் அட்டவணைப் புத்தகங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம். சுதேசமித்திரன் மாதிரி பத்திரிகைகளைப் புரட்டும்போது இன்றைய சொல்லில் தேடினால் அகப்படாது. ஆகாய விமானம், ஏரோப்ளேன், ஆகாயக் கப்பல், விமானமோட்டி, ஆகாய மார்க்கம் என்று அன்றைக்கு எழுதியதை எல்லாம் கண் தேட வேண்டும்.

வெளிநாட்டுக் காகிதங்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், வீட்டில் இருந்தே நிறையப் பார்க்கலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசை ராயல் ஏர் ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன்களின் அன்றாடக் குறிப்புகள். அதில் ஃபார்ம் 540 நாள்வாரியான சுருக்கம். ஃபார்ம் 541இல் ஒவ்வொரு பறப்பும் யார், எந்த விமானம், எத்தனை மணிக்கு ஏறியது, இறங்கியது என்று இருக்கும். தரைப்பணியாளர் பெயர் அதில் அபூர்வம், ஆனால் அந்த நாள் மழையா, எந்த ஊரில் முகாம், சாப்பாடு எப்படி என்பது வரைக்கும் கிடைக்கும். முதல் உலகப் போர் அதிகாரிகளுக்கு 'ஏர் 76'. பதவி உயர்வும் பதக்கமும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில், அது இலவசம். ஆஸ்திரேலியாவின் டிரோவ் என்ற பழைய பத்திரிகைத் தளமும் இலவசம், போரின்போது ஆஸ்திரேலிய விமானிகள் ஏராளமாக இந்தியாவில் இருந்ததால் நம்மூர்ப் பெயர்கள் எதிர்பாராமல் அதில் தட்டுப்படும்.

இந்திய விமானப்படை வீரரின் பணி விவரத்துக்கு டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் பதில் வராது, சட்டப்படி வாரிசான ஒருவர் கையெழுத்தோடு, சர்வீஸ் நம்பரோடு எழுத வேண்டும். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். அந்தச் சுப்ரோதோ யார் தெரியுமா? 1933 ஏப்ரல் 1இல் டிரிக் ரோட்டில் முதல் இந்திய ஸ்குவாட்ரன் நாலு வாப்பிட்டி விமானங்களோடு தொடங்கியபோது இருந்த ஐந்து இந்திய விமானிகளில் ஒருவரான சுப்ரோதோ முகர்ஜி. டாட்டா தபாலோடு கிளம்பினாரே, அதே டிரிக் ரோடு.

இறந்தவர்களுக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைக்கு ஒரு தடவையாவது நேரில் போய் வாருங்கள். தென்னிந்தியாவில் பராமரிக்க ஆளில்லாத சிறு கல்லறைகளிலிருந்து இரண்டாம் போரில் இறந்தவர்களை எடுத்துவந்து அங்கே சேர்த்திருக்கிறார்கள். கல்லில் பதவியும் வயதும் இருக்கும். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வரிசையாகப் படித்துக்கொண்டு நடந்தபோது என்னால் பாதி வரிசைக்கு மேல் போக முடியவில்லை.

தரையில் நடந்து பாருங்கள்

அரக்கோணத்தில் இரண்டாம் போர்க்காலத்திலேயே விமானத் தளம் இருந்தது. இன்று அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, 1992 மார்ச் 11இல் தொடங்கியது. உள்ளே போக முயற்சி செய்யாதீர்கள், சுவரைக்கூடப் படம் எடுக்காதீர்கள், அது பாதுகாப்புப் பகுதி. ஊருக்குள் போய் டீக்கடையில் உட்காருங்கள், வயதானவர்கள் பேசுவார்கள். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் ஓடுதளத்துக்கும் இதேதான். அமெரிக்க ராணுவம் தயாரித்த பழைய இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஓடுதளங்கள் அவற்றில் குறித்திருக்கும், இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எழுதும்போது

தமிழில் எழுதுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. "போனார்" என்றால் எழுதுபவருக்குத் தெரியும். "போனாராம்" என்றால் கேள்விப்பட்டது. "போயிருப்பார்" என்றால் ஊகம். ஒரே வினை, மூன்று நிலை, விளக்கமே தேவையில்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். நான் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். அட்டவணையில் ஆதாரம் இருந்தால் மட்டும் "போனார்". வீட்டார் சொன்னது "போனாராம்". மூன்றாவதை ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் வர விடுவதில்லை. "வானத்தைப் பார்த்ததும் அவர் மனதில் சுதந்திர உணர்வு பொங்கியது" மாதிரி வரிகளை எழுதக் கை பரபரக்கும். அவர் கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறாரா? இல்லை என்றால் அவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள். பாலாறு மணலாகக் கிடந்த வெள்ளைக் கோடும், மலை மேல் கோட்டை மதிலும் போதும்.

கலைச்சொற்களுக்கு அகராதியைத் தேடி அலைய வேண்டாம். எஞ்சின், ஸ்குவாட்ரன், லாக் புக் என்பதே அவர்கள் பேசியது, நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

விபத்தை எழுதும்போது இன்னும் நிதானம். "விமானியின் தவறு" என்று அறிக்கையில் இருந்தாலும், அறிக்கை எழுதியவர் யார், இயந்திரத்தைப் பழித்தால் யாருக்குச் சங்கடம் என்று பாருங்கள். அந்தக் குடும்பத்தில் இதைப் படிக்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. அச்சில் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வாயால் அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் முடித்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். திருத்தங்கள் அப்போதுதான் வரும். வாலின் மேல் உட்கார்ந்த பகுதியைப் படித்துக் காட்டியபோது பேரன் பேசாமல் இருந்தான். அந்த அம்மா மட்டும், "அதான், அப்பா எப்பவும் இடது கையாலதான் பிடிச்சிப்பேன்னு சொல்வார், வலது கையில வாட்ச் இருக்கும், புழுதி போயிடும்னு" என்றார். அதற்கு முன் நாலு தடவை போயும் அந்த வாட்சைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வீடு திரும்பியதும் அந்த வரியை "சொல்வாராம்" போட்டுச் சேர்த்தேன். அச்சான பிறகு கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர்கள் வீட்டுக்கு மூன்று.